பதினோரு அடவியப்பன்

போலீஸ் ஜீப் வீட்டு வாசலில் நின்றபோது கனிமொழி வீட்டில் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, கீழ் அடவிப்பட்டியில் ஒரு கிழவரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. பக்கத்து வீட்டு மலர்விழி போனில் கூப்பிட்டாள்.

"கனி, உங்கூட்டுக்காரர ஜீப்புல ஏத்திட்டுப் போறாங்க. தக்காளி லோடு பாதியிலயே நிக்குது."

"எதுக்காம்?"

"என்னமோ வாரண்டாம். மரம் வெட்டுன கேஸாம்."

கனிமொழி போனை வைத்தாள். கிழவரின் கையில் பட்டை உப்பி நின்றது. காற்று இறங்கும் வரைக்கும் பொறுத்திருந்து, எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதி, மாத்திரையைக் கையில் கொடுத்து, காலையில் ஒன்று என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். ஸ்கூட்டியை எடுக்கும்போது மட்டும் சாவி துவாரத்தில் சரியாக நுழையவில்லை.

அவள் கணவன் பெயர் அடவியப்பன். அந்த ஊரில் அப்படி ஒரு பெயர் வைத்திருப்பது பெயரே வைக்காமல் இருப்பதற்குச் சமம். அடவி என்றால் காடு. தமிழ் பேசுகிறவருக்கும் தெலுங்கு பேசுகிறவருக்கும் கன்னடம் பேசுகிறவருக்கும் ஒன்றுபோலப் புரிகிற சொல். மூன்றும் பேசுகிற வீடுகள் அங்கே உண்டு. கரட்டுக் குன்றின் அடிவாரத்தில், வனத்துறையின் எல்லைக் கல்லுக்கு இருபதடி இந்தப் பக்கம் அடவியப்பன் கோயில். சாமிக்குக் கூரை கிடையாது. காடுதான் கூரை, வேறு போட்டால் நிற்காது என்பார்கள். ஊர் அந்தப் பெயரில். அதிலும் மேல் அடவிப்பட்டி, கீழ் அடவிப்பட்டி என்று இரண்டு. கரடு அடவிக்கரடு, ஏரி அடவி ஏரி. பால் சொசைட்டி, மினி பஸ், பையன்களின் கிரிக்கெட் டீம், எல்லாவற்றின் நெற்றியிலும் அதே பெயர்தான். மழை பொய்த்த வருஷங்களில் வேண்டிக்கொண்டு பெற்ற தலைச்சன் பிள்ளைகளுக்கெல்லாம் சாமி பெயரையே வைத்தார்கள். மழை பொய்க்காத வருஷம் குறைவு.

கனிமொழி கடத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வேலையில் சேர்ந்த முதல் மாதம் நோட்டில் பெயர்களைப் பார்த்துத் திகைத்துப் போனாள். இரண்டு ஊரிலுமாகச் சேர்த்து நாற்பதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமாகப் பதினோரு அடவியப்பன்கள். அதில் ஐந்து பேருக்கு அப்பா பெயர் மாதப்பன். அதுவும் அந்தப் பக்கத்துக்குப் பொதுவான பெயர். ஒருவரின் மாத்திரை இன்னொருவருக்குப் போய்விடக் கூடாதென்று பெயருக்கு எதிரில் பென்சிலால் குறித்து வைத்தாள்: சுகர், மில்லு வேலை, மினி பஸ், நெட்டை, கன்னட வீடு, பூசாரி. தன் கணவனுக்கு எதிரில் எதுவும் எழுதவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நல்லவிதமாகத்தான் பேசினார். மேஜைமேல் ஒரு தாள் இருந்தது.

"பதினாறு வருஷத்துக் கேஸும்மா. காட்டுல வேங்கை மரம் வெட்டி டெம்போவுல ஏத்துனது. ஜாமீன்ல வந்த ஆளு மூணு வாய்தாவுக்கு வந்துட்டு அப்புறம் ஆளே காணோம். பழைய வாரண்டையெல்லாம் முடிக்கச் சொல்லி மேல இருந்து நெருக்கறாங்க. உன் புருஷன் பேரு அடவியப்பன்தானே?"

"ஆமாங்க சார்."

"அப்பா பேரு மாதப்பன்?"

"ஆமாங்க."

"ஊரு அடவிப்பட்டி. சரியா?"

"பேரு சரிங்க சார். அப்பா பேரும் சரி, ஊரும் சரி. ஆளுதான் சரியில்லைங்க."

எஸ்.ஐ. தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"அன்னைக்கு அவருக்கு இருபத்தஞ்சு வயசுங்க. ஓசூர்ல கம்பெனி வேலையில இருந்தாரு. எங்க ஊர்ல இந்தப் பேர்ல பதினோரு பேரு இருக்கறாங்க சார். மாதப்பன் மகனே அஞ்சு பேரு."

"அப்போ பதினோரு பேரையும் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்து நிறுத்து, மாஜிஸ்திரேட் அம்மா பாத்து முடிவு பண்ணட்டும்," என்றார் அவர், பக்கத்திலிருந்த ஏட்டைப் பார்த்துச் சிரித்தபடி.

கனிமொழி சிரிக்கவில்லை. "சரிங்க சார்," என்றாள்.

அன்று, செவ்வாய்க்கிழமை மத்தியானமே, அவனைக் கோர்ட்டில் நிறுத்தி, திங்கட்கிழமை மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரில் அடவியப்பன் நோன்புக்குக் காப்புக் கட்டினார்கள். பறைச் சத்தம் கேட்க, கனிமொழி களத்தில் தனியாக நின்று, வெயிலில் கிடந்து வதங்கிய தக்காளி நிறைந்த கிரேடுப் பெட்டிகளை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். மறுநாள் விடிந்ததும் மலர்விழியின் தம்பி லோடைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனான். அவள் நேராக வக்கீல் பாரதியிடம் போனாள்.

பாரதி இலவசச் சட்ட உதவியில் இருக்கிற வக்கீல். கதையை முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜாமீன் கேட்டா ரெண்டொரு நாள்ல வாங்கிடலாங்க. ஆனா ஒண்ணு. ஜாமீன் வாங்கினா அந்தக் கேஸ் உங்க வூட்டுக்காரர் கேஸுதான்னு ஆயிடும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்தான் வந்து நிக்கணும்."

"அவரு ஆளே இல்லைன்னு சொல்லணும்னா?"

"மனு போடணும். பழைய கேஸ் கட்டை எடுத்துப் பாக்கச் சொல்லணும். அதுல கைரேகை, அங்க அடையாளம் எல்லாம் எழுதியிருப்பாங்க. திங்கக்கிழமை வரைக்கும் அவர் உள்ளயேதான் இருக்க வேண்டியிருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவள் கணவனைப் பார்க்கப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சவரம் செய்யாத முகத்தோடு நின்றான். முதலில் தக்காளியைப் பற்றித்தான் கேட்டான். பிறகு, "எப்படியாவது ஜாமீன்ல எடுத்துடு கனி. இங்க இருக்க முடியல," என்றான்.

"எடுக்கலாங்க. எடுத்தா, மரம் வெட்டுனவன் நீங்கதான்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி."

"எவனோ வெட்டுனதுக்கு நான் ஏன்..."

"அதைத்தான் நானும் சொல்றேன். திங்கக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருங்க. நீங்க பேரோட வெளிய வரணும். ஜாமீனோட இல்ல."

அவன் கம்பியை இறுகப் பிடித்தான். கடைசியில், "சரி, உன் இஷ்டம்," என்றான். அது கோபமா சம்மதமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இறங்கும் இடம் வருவதற்குள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பழைய கட்டின் நகல் கிடைத்தது. பாரதி வராந்தாவிலேயே நின்று வாசித்தாள்.

"இடது கைப் பெருவிரல் ரேகை வெச்சிருக்கான். உங்க வூட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார்ல?"

"பத்தாவது படிச்சவருங்க."

"நல்லது. அங்க அடையாளம் ஒண்ணு: இடது கையில், முழங்கைக்கு மேலே, பிறை மாதிரி தீக்காயத் தழும்பு. அவருக்கு இருக்கா?"

"இல்லைங்க," என்றாள் கனிமொழி. பாரதி தாளைப் புரட்டிக்கொண்டே ஏதேதோ சொன்னாள். எதுவும் காதில் விழவில்லை. முழங்கைக்கு மேலே. பட்டை சுற்றுகிற இடம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்தப் பிறையின்மேல்தான் அவள் பட்டையை வைத்துச் சுற்றுகிறாள்.

பூசாரி அடவியப்பன்.

வெயில் தாழ்வதற்குள் அவள் கீழ் அடவிப்பட்டிக்குப் போய்விட்டாள். பூசாரி வேப்ப மர நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கோயில் மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயதுதான், ஆனால் தாடியில் பாதி நரைத்திருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, காப்பு. கனிமொழியைப் பார்த்ததும் கை நின்றது.

"வா புள்ள. இன்னும் பதினஞ்சு நாள் ஆகலயே?"

"ஆகலைங்க மாமா. இருந்தாலும் ஒருக்காப் பாத்துரலாம். கைய நீட்டுங்க."

அவர் இடது கையை நீட்டினார். சட்டை போடாத மேல் கையில் தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது. பட்டை அதை மூடியது. நூற்று எழுபத்தெட்டு, நூற்றாறு. அவள் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தாள். அதேதான்.

"மாத்திரை போட்டீங்களா?"

"நாலு நாளாப் போடல."

அவர் மனைவி குள்ளம்மாளிடம் தண்ணீர் வாங்கி, மாத்திரையைக் கனிமொழியே பிரித்துக் கொடுத்தாள். அவர் விழுங்கும் வரைக்கும் பார்த்திருந்தாள். பட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

"பழைய கட்டுல அடையாளம் எழுதியிருக்குதுங்க மாமா," என்றாள் பிறகு. "இடது கை, பிறை மாதிரி."

பூசாரி மணியைக் கட்டிலின் மேல் வைத்தார்.

"எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

"ஒரு மணி நேரமா. உங்களுக்கு மாமா?"

"செவ்வாக்கெழம ஜீப்பு வந்துச்சுன்னு கேட்டப்பவே தெரியும்." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "கான்ட்ராக்டர் ஒருத்தன் வந்தான். மரத்தை ஏத்தி வுட்டாப் போதும்னான். மூணு பேரு போனோம். மத்த ரெண்டு பேரும் செத்துட்டாங்க. வாய்தாவுக்குப் போய்ப் பாத்தேன், பொழப்பு ஓடல. பெங்களூருக்குப் போயி ஆறு வருசம் சென்ட்ரிங் வேலை செஞ்சேன். திரும்பி வந்தா அப்பனுக்கு முடியல, பூசை என் கைக்கு வந்துருச்சு. ஒவ்வொரு நோம்பி முடிஞ்சதும் போயிரலாம், போயிரலாம்னு நெனைக்கறது."

"நாலு நாளு உள்ள இருக்கறாரு மாமா."

"தெரியுது."

"தெரிஞ்சும் மணி தேச்சிட்டு இருக்கறீங்க."

அவர் வலது கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். "இது ஏறியாச்சு. வர்ற வியாழக்கெழம அவுக்கற வரைக்கும் நான் எல்லையத் தாண்டக் கூடாது. ஊருக்கே ஆகாது. வியாழக்கெழம முடியட்டும் கனி, நானே வர்றேன். சாமி மேல சத்தியம்."

"காப்புக் கட்டற அன்னைக்கேதான் எங்கூட்டுக்காரரை எல்லை தாண்டி இழுத்துட்டுப் போனாங்க. அன்னைக்கு ஊருக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லலயே?"

கனிமொழி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"உங்க பேரை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மருந்து குடுக்கறதுக்குன்னு வந்து பாத்த அடையாளத்தைப் போலீசுல போய்ச் சொல்றது எனக்குச் சரியாப் படல. ஆனா திங்கக்கெழமைக்கு மேல ஒரு நாளும் எங்கூட்டுக்காரரு உள்ள இருக்க மாட்டாரு. அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுவேன்."

படல் வரைக்கும் குள்ளம்மாள் பின்னாலேயே வந்தாள். "ஒரு வாரந்தான கனி," என்றாள் தணிந்த குரலில்.

"நாளைக்கு மாமா உள்ள போனா, ஒரு வாரந்தானக்கான்னு நான் வந்து சொன்னாக் கேட்டுக்குவீங்களா?"

குள்ளம்மாள் படலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கனிமொழி நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மீதமிருந்தவர்கள் ஒன்பது அடவியப்பன்கள். பிரஷர் பார்க்கப் போகிற வீடுகள்தான், எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். விஷயத்தைச் சொன்னதும்தான் முகம் மாறியது. சுகர் அடவியப்பன் வீட்டில் அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள், "அவர வுட்டுட்டு இவரப் புடிச்சு வெச்சுக்கிட்டா?" மில்லில் வேலை செய்கிறவர் லீவு இல்லை என்றார். நெட்டை அடவியப்பன், வயலுக்குப் போகிறேன் என்று வயலில்லாத திசையில் நடந்தார்.

மத்தியானம் வரைக்கும் ஒரே ஒருவர்தான் சம்மதித்தார். கன்னட வீட்டு அடவியப்பா, எழுபது வயது. முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "பர்தீனி தாயி, வர்றேம்மா," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்றைக்கில்லை, திங்கட்கிழமை என்று சொல்லி உட்கார வைக்க வேண்டியிருந்தது.

கனிமொழி மேல் அடவிப்பட்டி டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கடை நஞ்சம்மாளுடையது. டீயைக் கொண்டுவந்து வைத்த நஞ்சம்மாள் போகாமல் நின்றாள்.

"செவ்வாக்கெழம அவங்க இங்கதான் வந்து கேட்டாங்க. மாதப்பன் மவன் அடவியப்பன் வூடு எதுன்னு. எந்த மாதப்பன்னு கேட்டிருக்கணும். பக்கத்துல இருக்கற வூட்டைக் கை காட்டிட்டேன். நாலு நாளாச் சோறு எறங்கல கனி."

"அதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களாக்கா?"

நஞ்சம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "சொல்றேன்," என்றாள். பிறகு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். அதில் மினி பஸ் ஓட்டுகிற அடவியப்பனும் இருந்தார். "கேட்டுக்கங்க. அன்னைக்கு என் கை அந்தப் பக்கம் போச்சு. இந்தப் பக்கம் போயிருந்தா இன்னைக்கு உம் பொண்டாட்டி இப்பிடி வூடு வூடா அலைஞ்சிட்டு இருப்பா."

மினி பஸ் அடவியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அப்பா பெயரும் மாதப்பன்தான். "எத்தன மணிக்குப் போகணும்?" என்றார். "காலை டிரிப்பை ஒருத்தன்கிட்ட மாத்திக்கறேன். ஆளுங்களுக்கு என் வண்டியே போதும்."

வண்டி கிடைத்ததும் ஆட்களும் கிடைத்தார்கள். அன்று சாயங்காலமே நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை நெட்டை அடவியப்பன் தானாக வந்து, ஆதார் கார்டு எடுத்துவர வேண்டுமா என்று கேட்டார். ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னது ஒன்றேதான்: "இன்னைக்கு அவரு. அந்தத் தாள்ல இருக்கறது உங்க பேருந்தான். கையைக் காட்டித் தழும்பு இல்லைன்னு எழுதி வாங்கிட்டா அப்புறம் உங்களை யாரும் தேடி வர மாட்டாங்க."

ஞாயிறு சாயங்காலம் ஊர்க்கவுண்டர் பெரியண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசினார்.

"காப்புக் கட்டியிருக்குது. ஒம்பது பேரை எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போறியாமா."

"பொழுது சாய்றதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும், அதுதானுங்க கட்டு? மூணு மணிக்கெல்லாம் கொண்டாந்து சேத்தர்றனுங்க."

அவர் அவளையே பார்த்தார். "பூசாரி மட்டும் வர முடியாது," என்றார் மெதுவாக.

"பூசாரியை நான் கூப்பிடலைங்களே."

ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஐந்து நாளாகப் பறையடித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, "பொழுது சாய்றதுக்குள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கோர்ட் கூடியது. மாஜிஸ்திரேட் சின்ன வயதுப் பெண். டவாலி வாசலுக்கு வந்து, வழக்கம்போல, "அடவியப்பன்... அடவியப்பன்... அடவியப்பன்..." என்று மூன்று முறை கூப்பிட்டார். கூண்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பின்பெஞ்சிலிருந்து ஒன்பது பேர் எழுந்து, ஆளுக்கொரு மாதிரி, "ஐயா," "அம்மா," "இருக்கறனுங்க," என்றார்கள்.

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யார் இவங்கெல்லாம்?"

பாரதி மனுவை நீட்டினாள். "எல்லாருமே அடவியப்பன்தாங்கம்மா. அடவிப்பட்டி. இதுல மூணு பேருக்கு அப்பா பேரும் மாதப்பன். ஆதார் நகல் இணைச்சிருக்கேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஆதார் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பழைய கட்டை வாங்கி வாசித்தார். கனிமொழியின் கணவனை இடது கைச் சட்டையை மடக்கச் சொன்னார். ஆறு நாள் வெயில் படாத கை, ஒரு கீறல்கூட இல்லை. அவனே மனுவில் கையெழுத்துப் போட்டான். பழைய ஜாமீன் தாளிலோ பெருவிரல் ரேகை. பின்பெஞ்சுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். கன்னட வீட்டு அடவியப்பா இரண்டு கையையும் காட்டினார். நஞ்சம்மாள், தான் கை காட்டிய கதையைச் சொன்னாள். சொல்லும்போது எஸ்.ஐ. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். "இந்தம்மா எல்லாரையும் தேடிக் கொண்டாந்திருக்காங்க. அப்போ தழும்பு இருக்கற ஆளு யாருன்னும் தெரிஞ்சிருக்கணுமே. யாரும்மா அது?"

பின்பெஞ்சில் ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். கணவன் கூண்டிலிருந்து அவளையே பார்த்தான். பொய் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது.

"அவரு பேரும் அடவியப்பன்தாங்கய்யா," என்றாள்.

இந்த முறை மாஜிஸ்திரேட்டின் உதடும் கொஞ்சம் அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டு, "ஆளைக் கண்டுபிடிக்கறது அவங்க வேலை இல்ல. அடையாளத்தைப் பாத்துட்டு ஆளைப் பிடிக்கறது உங்க தரப்பு வேலை," என்றார். கூண்டில் நிற்பவர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல என்று தெரிவதால் விடுவிக்கிறேன், சரியான நபரைக் கண்டுபிடித்து வாரண்டை நிறைவேற்றவும் என்று எழுதச் சொன்னார்.

சிறையில் கொடுக்க வேண்டிய காகிதங்களைக் கொடுத்து, அவனுடைய பையை வாங்கிக்கொண்டு வெளியே வர இரண்டு மணியாகிவிட்டது. மினி பஸ் மூன்றரைக்கு ஊர் எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்தது. வழி முழுக்க அடவியப்பன்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கேலி பேசிக்கொண்டு வந்தார்கள். கனிமொழியின் கணவன் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கேட்டான். "பூசாரியண்ணந்தான?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

"மினி பஸ்காரன் சொல்லிட்டான். உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழம தெரிஞ்சும் மூணு நாளு என்னை உள்ள வெச்சிருந்த."

"ஆமாங்க." அவள் கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "வெள்ளிக்கெழம சொல்லியிருந்தாலும் திங்கக்கெழமதான் வந்திருப்பீங்க, கோர்ட்டு லீவு. ஆனா அதுக்காகச் சொல்லாம இருக்கல. என்னை நம்பிக் கைய நீட்டறாங்க. ஒருத்தரக் காட்டிக் குடுத்துட்டா நாளைக்கு எவ வூட்டுக்குள்ள வுடுவா என்னை?"

"நான் போய்ச் சொல்றேன். நான் யாருக்கும் பிரஷர் பாக்கல."

"சொல்லுங்க. ஆறு நாளு இருந்தவரு நீங்க, உங்களுக்கு உரிமை இருக்குது. வியாழக்கெழம வரைக்கும் பொறுத்துட்டுச் சொல்லுங்க. அவரு தானா வர்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கறாரு. வரலைன்னா நானே உங்ககூட ஸ்டேஷனுக்கு வர்றேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "மணி ஆட்டிட்டு இருந்திருக்கறான்," என்றான் ஒருமுறை. சாப்பிட்டு முடித்து, தக்காளிச் செடிகளைப் பார்க்கப் போய்விட்டான். அந்த வருஷம் நோன்புக்கு அவன் கோயில் பக்கம் போகவில்லை. புதன்கிழமை பொங்கலுக்குக் கனிமொழி மட்டும் போய்வந்தாள். பூசாரி அவள் முகத்தைப் பார்க்காமலே திருநீறு கொடுத்தார்.

வியாழக்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூசாரி வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு, கையில் ஒரு துணிப்பையோடு கனிமொழி வீட்டு வாசலில் நின்றார். கனிமொழியின் கணவன்தான் முதலில் பார்த்தான். கிரேடை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து நின்றான்.

"தம்பி, தப்புப் பண்ணிட்டேன்," என்றார் பூசாரி. "பதினாறு வருசத்துக்கு முன்னாடி பண்ணதைச் சொல்லல. இந்த ஒம்பது நாளைச் சொல்றேன்."

அவன் கிரேடின்மேல் கையை வைத்தபடி நின்றான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: "கனி, அண்ணன் வந்திருக்கறாரு. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போ." வண்டிச் சாவியை அவனே எடுத்துக் கொடுத்தான். தான் மட்டும் கூட வரவில்லை.

பாரதி பூசாரியைச் சரணடைய வைத்தாள். தானாக வந்ததையும், பிரஷர் இருப்பதையும் சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் இத்தனை வருஷம் தலைமறைவாக இருந்த ஆள் என்பதால் மாஜிஸ்திரேட் அடுத்த வெள்ளி வரைக்கும் சிறையில் வைக்கச் சொன்னார். அதற்குள் ஜாமீன் மனுவைப் பார்க்கலாம், நல்லபடியாக முடியும் என்றாள் பாரதி. குள்ளம்மாள் வராந்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கனிமொழி அவளை எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டாள். பிறகு மருந்துக் கடையில் ஒரு காகித உறை கேட்டு வாங்கினாள்.

கிளைச் சிறை வாசலில் இருந்த காவலர் உறையை வாங்கிப் பெயரைப் பார்த்தார்.

"அடவியப்பன், தகப்பன் பேரு மாதப்பன், அடவிப்பட்டி. திங்கக்கெழமதானம்மா இவனை வுட்டோம்?"

"அது எங்கூட்டுக்காரருங்க. இது வேற ஆளு."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"இன்னும் ஒம்பது பேரு இருக்கறாங்கண்ணா. அவங்க வர மாட்டாங்க." அவள் பேனாவை எடுத்து, உறையின்மேல் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: பூசாரி. பிரஷர் மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று. "நாளு தவறாமக் குடுத்துருங்கண்ணா. மறந்துருவாரு, எடுத்துச் சொன்னாப் போட்டுக்குவாரு. அடுத்த வெள்ளிக்கெழம நான் வந்து எண்ணிப் பாப்பேன்."